காவி அலையின் ஏற்ற இறக்கம்

மத்திய அலை ஒலிபரப்பு நிலையமொன்றைப் பார்வையிடச் செல்வோர் வழமையாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. பரப்பியின் முகப்பிலே பல மானிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் அவற்றுள் ஒன்றின் முள் மேலெழுந்து ஆடும். அவர் பேச்சை நிறுத்தினால் முள்ளும் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அதற்கு அயலில் உள்ள மானியோ, பேச்சு வந்தாலும் பாட்டு வந்தாலும் அசையாது நிற்கும். இரண்டும் ஏரியலுக்குச் செல்லும் ஒரே அலையையே அளக்கின்றன. அவ்வாறாயின் எதனை நம்புவது என்பதே அவ்வினா.

இரண்டையும் நம்பலாம் என்பதே விடை. ஆனால், அவ்விடையை விளங்கிக்கொள்வதற்குக் காவி அலை என்பது யாது, அதன் மேல் ஒலி எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பவற்றைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கியைக் கடந்து, சவளக்கடை வட்டைகளிலே இரவுக் காவலிருந்த ஒருவரின் காதில் விழுந்த இரைச்சலுக்கும் இவ்விரு மானிகளுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

காவுதல் என்பது நம் நாட்டில் இன்றும் வழங்கும் சொல். தயிர் முட்டிகளை இரு புறமும் தொங்கவிட்டுத் தோளிலே காவுதடியைச் சுமந்து செல்வோரைக் கிழக்கு மாகாணத்தார் நன்கு அறிவர். தமிழகத்து நூல்கள் ஊர்தி அலை என்று கூறுவதை இங்கே காவி அலை என்கிறோம். அந்தப் பெயர் மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஏனெனில், காவி அலை தன் மேல் ஒலியைச் சுமக்கும்போது, அவ்வொலி காவி அலையின் அதிர்வெண்ணிலேயே தங்கிவிடுவதில்லை; அதற்கு மேலும் கீழுமாக, இரு பக்கங்களிலும் சமமாகப் பிரிந்து தொங்குகிறது. 882 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள காவி அலையின் மீது 1 கிலோஹேர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், 881 இலும் 883 இலும் இரண்டு புதிய அலைகள் தோன்றுகின்றன. இவற்றைப் பக்க அலைகள் என்பர். நடுவிலே தடி, இரு புறமும் முட்டி. செய்தி முழுவதும் முட்டிகளுக்குள்ளேயே இருக்கிறது, தடியிலே ஒன்றுமில்லை. ஆயினும் தடி இல்லாவிடில் சுமை நகராது.

இவ்வாறு ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும் முறையை வீச்சுப் பண்பேற்றம் என்கிறோம். ஒலி சிறிதாயின் அலையின் உறை சிறிதே நெளியும். ஒலி உரத்ததாயின் உறை பெரிதும் நெளியும். நெளிவின் அடிமட்டம் சுழியைத் தொட்டு, மேல்மட்டம் இயல்பான வீச்சின் இரு மடங்கை எட்டும் நிலையை நூறு சதவீதப் பண்பேற்றம் என்பர். அதற்கு மேல் சென்றால் அடிமட்டம் வெட்டுப்பட்டு ஒலி சிதையும்.

இனி, கணக்குக்கு வருவோம். 100 கிலோவாட் காவி வலுவுள்ள பரப்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறிவிப்பாளர் மௌனமாயிருக்கும்போது ஏரியலுக்குச் செல்வது 100 கிலோவாட். நூறு சதவீதப் பண்பேற்றமுள்ள ஒரு தனிச் சுருதியை அனுப்பினால், பக்க அலை ஒவ்வொன்றிலும் 25 கிலோவாட் வீதம் 50 கிலோவாட் சேர்ந்து, மொத்தம் 150 கிலோவாட் ஆகிறது. காவி அலையின் பங்கு அப்போதும் அதே 100 கிலோவாட்தான். அது கூடவுமில்லை, குறையவுமில்லை. கூடியது பக்க அலைகளே. உறையின் உச்சியிலோ வீச்சு இரு மடங்காவதால் வலு நான்கு மடங்காகி, கணநேரத்துக்கு 400 கிலோவாட்டை எட்டுகிறது. 100 கிலோவாட் பரப்பிக்கு ஏன் இத்துணைப் பெரிய வால்வுகள் என்று வியப்போருக்கு இதுவே மறுமொழி.

ஏரியல் மின்னோட்டமானி வெப்பத்தால் இயங்குவது. ஓடும் மின்னோட்டம் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குமோ அதனையே அது காட்டும். ஆகவே அது மொத்த வலுவுக்குக் கட்டுப்பட்டது. வலு 100 இலிருந்து 150 ஆகும்போது மின்னோட்டம் ஒன்றரையின் வர்க்கமூலப்படி, அதாவது ஏறத்தாழ 22.5 சதவீதம் உயரும். ஆடும் முள்ளின் இரகசியம் அதுவே. அயலில் அசையாது நிற்கும் மானியோ உறையின் சராசரியை அளப்பது. உறை எவ்வளவு மேலே எழுகிறதோ அவ்வளவே கீழேயும் இறங்குமாயின், சராசரி மாறாது. ஆகையால் நல்ல நிலையிலுள்ள பரப்பியில் இந்த முள் பேச்சுக்கும் இசைக்கும் அசையாது நிற்றல் வேண்டும். அது அசைந்தால் பரப்பியிலே ஏதோ கோளாறு உண்டு என்று பொருள்.

இந்த அசைவுக்கே காவிப் பெயர்ச்சி என்று பெயர். பண்பேற்றத்தின்போது காவி அலையின் மட்டம், மௌனத்தின்போது இருந்த மட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே அது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒலிபரப்பு விதிகள் இதற்கு 5 சதவீதத்தை எல்லையாக வகுத்திருந்தன. ஐந்து சதவீதம் என்றவுடன் அது அற்பமானது என்று எண்ணிவிடலாகாது. வீச்சு ஐந்து சதவீதம் குறைந்தால் வலு ஏறத்தாழ பத்துச் சதவீதம் குறைந்துவிடும்.

பெயர்ச்சிக்குக் காரணங்கள் பல. வால்வுகளால் இயங்கிய பழைய பரப்பிகளிலே பெரும்பாலும் காணப்பட்டது கீழ்நோக்கிய பெயர்ச்சி. 100 கிலோவாட் பரப்பியை முற்றாகப் பண்பேற்றுவதற்கு 50 கிலோவாட் ஒலி வலு வேண்டும். அதனை வழங்கும் பண்பேற்றி மௌனத்தின்போது சிறிதளவு மின்சாரத்தையே உண்ணும். உரத்த இசை வந்தவுடன் எண்பது கிலோவாட் வரை உறிஞ்சும். அது பசித்துண்ணும் கணத்தில், உயரழுத்த மின்வழங்கியின் அழுத்தம் தாழும். அதே மின்வழங்கியிலிருந்தே காவி அலையை ஆக்கும் வால்வும் மின்சாரம் பெறுவதால், காவி அலையும் உடன் தாழ்கிறது. ஒரு வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயல்காரர் மடையை அகலத் திறந்தால் கடைமடையில் நீர் குறைவது போன்றது இது. கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களை நம்பி வேளாண்மை செய்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் முதுமை. வால்வின் எதிர்முனை நாட்பட்டுத் தேய்ந்தால், இயல்பான மின்னோட்டத்தை அது தடையின்றி வழங்கும். ஆனால் உறையின் உச்சியில் வேண்டப்படும் இரு மடங்கு மின்னோட்டத்தை வழங்கமாட்டாது. உச்சிகள் மழுங்கும், சராசரி தாழும். வால்வுக்கு வேண்டிய முன்னூட்டம் போதாதபோதும் இதே நிலைதான். மாறாக, பண்பேற்றம் மிகையாகி உறையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டால் சராசரி உயர்ந்து, பெயர்ச்சி மேல்நோக்கியதாகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. உச்சி மழுங்குதலும் அடி வெட்டுப்படுதலும் ஒருங்கே நேர்ந்தால், ஒன்றையொன்று ஈடுசெய்து மானியின் முள் அசையாது நின்றுவிடும். முள் நிற்கிறது என்று பொறியியலாளர் மகிழ்ந்திருக்க, நேயரின் காதில் கரகரப்பு விழும். ஆதலால் தேர்ந்த பொறியியலாளர் மானி ஒன்றையே நம்பியிராது, அலைகாட்டியின் திரையில் சரிவகத்தை வரைந்து பார்ப்பர். அச்சரிவகத்தின் பக்கங்கள் நேர்கோடாக இருந்தால் பரப்பி நலம். வளைந்தால் நோய் உண்டு. எந்த மூலையில் வளைகிறதோ அம்மூலையே நோயின் இடத்தைச் சொல்லும்.

வெட்டுப்பட்ட உறையின் தீங்கு அந்த நிலையத்தின் நேயரோடு நின்றுவிடுவதில்லை. வெட்டு விழும் இடமெல்லாம் புதிய பக்க அலைகள் தோன்றி அயல் நிலையங்களின் எல்லைக்குள் சிதறுகின்றன. ஆசியாவும் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் மத்திய அலையில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியையே வைத்துள்ளன. 1975 இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட அத்திட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1978 நவம்பர் 23. மட்டக்களப்புக் கரையைப் பெரும் சூறாவளி தாக்கிய நாளும் அதுவே. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள்தாம்; ஆயினும் கிழக்கிலங்கையின் வானொலிக் கதையை எழுதுவோர் அந்தத் தேதியை இரு முறை குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனிச் சவளக்கடைக்கு வருவோம். கல்முனையின் கரையோரச் செறிவுக்கும் உள்நாட்டுக் குடியேற்றங்களுக்கும் இடையே, வயல்வெளி சூழ அமைந்த ஊர் அது. பெருமழை பெய்தால் கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கி, கல்முனைப் பக்கத்துக்கும் சவளக்கடைப் பக்கத்துக்கும் இடையே போக்குவரத்துத் தடைப்படுவது ஆண்டுதோறும் நிகழ்வது. வழி அடைபட்டாலும் வானொலி அடைபடுவதில்லை. வெள்ளாமை விளைந்து காவலுக்குச் செல்வோர், பரணிலே பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொள்வது ஒரு காலத்தில் வழக்கம். யானைக்கும் பன்றிக்கும் அது ஆள் அரவமாயிற்று. காவலருக்கு அது துணையாயிற்று.

அப்பெட்டிக்குள் எங்கிருந்து அலைகள் வந்தன? கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர், இடையே மலைநாடு. புத்தளத்தில் 882 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு இயங்கிய மத்திய அலைப் பரப்பி ஏறத்தாழ 230 கிலோமீற்றர். தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹேர்ட்ஸில் 200 கிலோவாட் வலுவோடு அகில இந்திய வானொலி அனுப்பிய அலையோ கடலையும் இலங்கையின் குறுக்கையும் கடந்து 430 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். பகலிலே நிலத்தைத் தழுவி வரும் அலைதான் துணை. உப்புக் கடலின் மீது அது தளராது செல்லும். வறண்ட நிலத்தின் மீதும் மலையின் மீதும் விரைவில் மெலியும். இரவிலே மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பும் வானலையும் வந்து சேரும். இரண்டும் ஏறத்தாழச் சம வலுவோடு சந்திக்கும் தூரத்தில் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் ஒலியை ஏற்றி இறக்கும். நூறு கிலோமீற்றர் முதல் இருநூறு கிலோமீற்றர் வரையிலும், சில வேளை அதற்கு அப்பாலும் இத்தொல்லை உண்டு. கொழும்பிலிருந்து வரும் அலைக்குக் கல்முனைக் கரை அந்த எல்லையிலேயே கிடக்கிறது.

இந்த மங்கலிலே கவனிக்கத்தக்க ஒரு வகை உண்டு. காவி அலையும் பக்க அலைகளும் சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்டவை என்றோமல்லவா? ஆகவே அவை ஒரே கணத்தில் மங்குவதில்லை. முட்டிகள் நலமாயிருக்கத் தடி மட்டும் மெலிந்துவிட்ட கணத்திலே, பெட்டியினுள் வந்து சேரும் அலை நூறு சதவீதத்துக்கு மேல் பண்பேற்றம் பெற்றது போலத் தோன்றும். குரல் நெரிந்து, தகரத்துக்குள் பேசுவது போல் கேட்கும். பரப்பி குற்றமற்றதாயினும் இவ்வாறு நேரும். காவி அலை எவ்வளவு பெரிதாயிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் துன்பம் அரிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது பயன்படும்.

மற்றொன்று, பெட்டியின் உள்ளேயுள்ள தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு. வந்து சேரும் காவி அலை வலுவாயிருந்தால் பெட்டி தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; மெலிந்தால் கூட்டிக்கொள்ளும். அண்மை நிலையமும் சேய்மை நிலையமும் ஏறத்தாழ ஒரே உரப்பில் கேட்பது இதனாலேயே. ஆனால் பெருக்கம் கூடும்போது இடி மின்னலின் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். எனவே காவி அலை, செய்தி எதனையும் சுமவாத மௌன வேளையிலும் ஒரு பணியைச் செய்துகொண்டிருக்கிறது. அது பெட்டியை அடக்கி, இரைச்சலை வாய்பொத்தி வைத்திருக்கிறது.

இது ஏட்டுச் செய்தி அன்று. றமழான் மாதம் முடியும் தறுவாயில், இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை மங்கிய பின்னர், கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையிலும் வீடுதோறும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை பற்றிய தீர்மானம் எட்டப்பட்டு, இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் அறிவிக்கப்படும் வரையில், மறுநாள் பெருநாளா நோன்பா என்பது தெரியாது. அறிவிப்பாளர் சற்றே தாமதித்து, அறிவித்தலைக் கையிலெடுத்து, வாசிக்கத் தொடங்குமுன் சில கணம் மௌனம் நிலவும். அந்த மௌனத்திலே காவி அலை நிறைவாக இருந்தால் பெட்டி அமைதியாக இருக்கும். காவி அலை தாழ்ந்தால், பெட்டி தன் பெருக்கத்தை உயர்த்தி, வங்கக் கடலின் மின்னல் இரைச்சல் முழுவதையும் வீட்டுக்குள் கொட்டும். முதற்சொல் அந்த இரைச்சலிலே அமிழ்ந்துபோகக் கூடும். பிறை தென்பட்டது, தென்படவில்லை என்ற இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரிரு அசைகளே என்பதை எண்ணிப் பாருங்கள்.

மௌனத்தில் காவி அலை ஏன் தாழ வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். சிக்கனத்தின் பொருட்டு, வேண்டுமென்றே தாழ்த்துவோர் உளர். இதுவரை சொன்ன பெயர்ச்சி கோளாறினால் விளைவது. இனிச் சொல்லப்போவது திட்டமிட்டுச் செய்வது.

பேச்சும் இசையும் எப்போதும் நூறு சதவீதப் பண்பேற்றத்தில் நிற்பதில்லை. சராசரியாக முப்பது சதவீதம் என்று கொண்டால், 100 கிலோவாட் காவி அலைக்குப் பக்க அலைகள் இரண்டும் சேர்ந்து 4.5 கிலோவாட்தான். அதாவது, பரப்பும் மின்வலுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு செய்தியே இல்லாத தடியைச் சுமப்பதற்குச் செலவாகிறது. மின்கட்டணப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் கணக்காளர் இதனைக் கேட்டுப் பொறுப்பாரா? 1930 களிலேயே ஜெர்மனியில் மூவர் இதற்கு வழி தேடினர். ஹார்பிக், புங்ஸ், கேர்த் என்ற அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஹாபுக் என்று அம்முறைக்குப் பெயரிட்டனர். ஒலி சிறிதாயின் காவி அலையையும் சிறிதாக்கி, ஒலி பெரிதாகும்போது உடன் பெரிதாக்குவது அம்முறை. தயிர் சிறிதாயின் மெல்லிய தடி போதும் என்பது அதன் உட்கருத்து.

வால்வுகளின் காலத்தில் இதனைச் செவ்வையாகச் செய்வது எளிதாயிருக்கவில்லை. துடிப்பு அகலப் பண்பேற்றமும், பின்னர் திண்மநிலைப் பரப்பிகளும் வந்த பிறகே காவி அலையின் மட்டத்தை ஒலியைப் பின்தொடர்ந்து நினைத்தவாறு ஏற்றி இறக்கும் ஆற்றல் பொறியியலாளர் கையில் நன்கு அமைந்தது. இன்று அது பரப்பிக்குள்ளேயே ஓர் அமைவாகக் கிடைக்கிறது. ஒரு கட்டளையால் அதனை இயக்கவும் நிறுத்தவும் இயலும்.

ஹாபுக் வழிவந்த முறையை இன்று இயங்குநிலைக் காவிக் கட்டுப்பாடு என்பர். மௌனத்தில் காவி அலையை 3 டெசிபெல் தாழ்த்தினால் 100 கிலோவாட் 50 ஆகும். 6 டெசிபெல் தாழ்த்தினால் 25 ஆகும். பக்க அலைகளில் கை வைப்பதில்லை. பேச்சும் இடைவெளியும் மிகுந்த நிகழ்ச்சிகளில் சேமிப்புப் பெரிது.

1980 களில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர் இதற்கு நேர்மாறான வழியைக் கண்டனர். மௌனத்தில் காவி அலையை முழு மட்டத்தில் விட்டுவிட்டு, ஒலி உரக்கும்போது காவி அலையையும் பக்க அலைகளையும் ஒருங்கே தாழ்த்துவது அவர்களுடைய முறை. முழுப் பண்பேற்றத்தில் 3 டெசிபெல் தாழ்த்தினால், 150 கிலோவாட் செல்லவேண்டிய இடத்தில் 75 கிலோவாட் மட்டுமே செல்லும். நேயரின் பெட்டி என்ன செய்யும்? காவி அலை தாழ்ந்ததென்று தன் பெருக்கத்தைத் தானே உயர்த்தி, ஒலியைப் பழைய உரப்புக்குக் கொண்டுவந்துவிடும். இரைச்சலும் உடன் உயருமே என்றால், உயரும். ஆனால் உரத்த ஒலியின் மறைவிலே அது செவிக்குப் புலப்படாது. பெட்டியின் இயல்பையும் செவியின் இயல்பையும் ஒருங்கே பயன்படுத்திக்கொண்ட இச்சூழ்ச்சி, வானொலிப் பொறியியலில் நான் மிகவும் பாராட்டும் உபாயங்களுள் ஒன்று. இரண்டு முறைகளுக்கும் இடையே, முழு மௌனத்தில் காவி அலையை நிறைவாக வைத்து நடுத்தர ஒலியில் மட்டும் தாழ்த்தும் கலப்பு முறைகளும் உள.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் காவி மட்டத்தை இவ்வாறு மாற்றுவதற்கு விதிகள் நெடுங்காலம் இடந்தரவில்லை. மின்சாரச் செலவு மிகுந்த அலாஸ்காவின் பொது வானொலி நிலையங்கள் முதலில் பரிசோதனைக்கு அனுமதி பெற்றன. அதன் பின், 2011 செப்டெம்பர் 13 இல், மத்திய அலை நிலையங்கள் யாவும் வேண்டினால் இம்முறைகளைக் கைக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு அறிவித்தது. ஒலியின் ஏதேனும் ஒரு மட்டத்திலாவது, அல்லது அமைவை நிறுத்தியபோதாவது, பரப்பி தன் உரிமப் பத்திரத்தில் கண்ட முழு வலுவை எட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

எதனைக் கைக்கொள்வது? நிலையத்தின் காலடியில் வாழும் நகரத்து நேயருக்கு எந்த முறையானாலும் ஒன்றே. அவரிடத்தில் அலை இரைச்சலைவிடப் பன்மடங்கு வலிது. 6 டெசிபெல் குறைந்தாலும் அவர் அறியார். ஆகவே நகரத்திலிருந்து பார்த்து முடிவு செய்பவருக்கு, மிகுதியாகச் சேமிக்கும் முறையே சிறந்த முறை என்று தோன்றும். சேவை எல்லையின் விளிம்பில் இருப்பவர் நிலை அவ்வாறன்று. சவளக்கடைப் பரணில் இருப்பவருக்கு மௌனத்தில் 3 டெசிபெல் தாழ்வு என்பது இரைச்சல் 3 டெசிபெல் உயர்வு. 6 தாழ்ந்தால் 6 உயர்வு. அன்றியும், வானலை மங்கலில் காவி அலை மட்டும் மெலியும் கணங்களைச் சொன்னோம். மெல்லிய பேச்சின்போது பரப்பியே காவி அலையைத் தாழ்த்தி அனுப்பியிருந்தால், தடி முறியும் கணங்கள் பெருகும். குரல் நெரியும் வேளைகள் மிகும். பிரித்தானிய முறையிலோ காவி அலைக்கும் பக்க அலைகளுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. ஆதலால், நெடுந்தூரத்து நேயரை எண்ணி இயங்கும் நிலையத்துக்கு உரப்பில் சேமிக்கும் முறையே தக்கது என்றும், மௌனத்தில் சேமிக்கும் முறை தகாதது என்றும் துணிந்து சொல்வேன். சேமிப்புச் சற்றுக் குறையலாம், பாதகமில்லை.

இடர்க்காலத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. 1978 இன் சூறாவளியிலும் 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையிலும் இக்கரையோரம் பட்ட பாட்டை மீண்டும் கூற வேண்டியதில்லை. இத்தகைய வேளையில் பரப்பி டீசல் பொறியில் இயங்க நேரிடும். எரிபொருள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே அப்போது முதற் கேள்வி. காவி மட்டக் கட்டுப்பாடு அப்போது உண்மையாகவே உயிர் காக்கும் சிக்கனமாகலாம். அதே வேளையில், எச்சரிக்கைகளும் காணாமற்போனோர் பெயர்களும் வாசிக்கப்படுவதோ இடைவெளி விட்டு, நிறுத்தி நிறுத்தித்தான். மௌனம் மிகுந்த அந்த வாசிப்பிலே மௌனத்தைத் தாழ்த்தும் முறை மிகுதியாகச் சேமிக்கும். மிகுதியாகக் கெடுக்கவும் செய்யும். பொறியியலாளர் இரண்டையும் நிறுத்துப் பார்த்தே அமைவைத் தெரிவு செய்தல் வேண்டும். கேட்கும் இடத்தின் இரைச்சலை அறியாமல் பரப்பியின் மானியை மட்டும் பார்த்து அத்தெரிவைச் செய்ய இயலாது.

அதிர்வெண் பண்பேற்றத்தில், அதாவது இன்று எங்கும் கேட்கப்படும் எஃப்.எம். ஒலிபரப்பில், நிலைமை என்ன என்று சிலர் வினவுவர். அங்கே மொத்த வலு ஒருபோதும் மாறுவதில்லை. ஏரியல் மானி சிலைபோல் நிற்கும். பக்க அலைகள் வளரும்போது காவி அலை தன் வலுவையே அவற்றுக்குப் பகிர்ந்தளித்துத் தேய்கிறது. பண்பேற்றத்தின் ஒரு குறித்த அளவில் முற்றாக மறைந்தும் விடுகிறது. அது வேறு கதை. ஆனால் எஃப்.எம். அலை தொடுவானத்துக்கு அப்பால் அதிகம் செல்வதில்லை. அயலிலுள்ள கோபுரம் வீழ்ந்தால் ஊர் ஊமையாகிவிடும். நெடுந்தூரத்து மத்திய அலைக்கு இன்னும் ஓர் இடம் உண்டு என்று கூறுவோரின் வாதம் இதுவே.

இவற்றையெல்லாம் பரப்பி நிலையத்துக்குப் போகாமலே நேயர் தம் வீட்டிலிருந்து சோதித்துப் பார்க்கலாம். பழைய வால்வு வானொலிப் பெட்டிகளிலே மந்திரக் கண் என்று ஒரு பச்சை விளக்கு இருக்கும். நிலையத்தைச் சரியாகப் பொருத்தினால் அதன் இமைகள் நெருங்கும். பின்வந்த சில பெட்டிகளில் அதற்குப் பதிலாகச் சிறு முள் மானி ஒன்று உண்டு. இவை இரண்டும் காட்டுவது வந்து சேரும் காவி அலையின் மட்டத்தையே. நிலையத்தைப் பொருத்திவிட்டு, அறிவிப்பாளர் பேசுவதையும் நிறுத்துவதையும் காதால் கேட்டுக்கொண்டே கண்ணை அதன் மேல் வைத்திருங்கள். பேச்சிலும் மௌனத்திலும் அது அசையாது நின்றால், காவி மட்டத்தை மாற்றாத, கோளாறும் அற்ற பரப்பி அது. மௌனத்தில் இமைகள் விலகினால், மௌனத்திலே சிக்கனம் செய்கிறார்கள். உரத்த இசையில் விலகினால், ஒன்று உரப்பிலே சிக்கனம் செய்கிறார்கள், அல்லது பரப்பியின் மின்வழங்கி தளர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தக் காது வேண்டும்: சிக்கனமாயின் ஒலி தெளிவாயிருக்கும், தளர்ச்சியாயின் உச்சிகள் மழுங்கிக் கரகரக்கும். இச்சோதனையைப் பகலில், அண்மையிலுள்ள ஒரு மத்திய அலை நிலையத்தைக் கொண்டு செய்தல் வேண்டும். இரவிலே செய்தால், வானலையின் மங்கலே இமைகளைத் திறந்தும் மூடியும் விளையாட்டுக் காட்டும். அதில் பரப்பியின் பங்கு எது, வானத்தின் பங்கு எது என்று பிரித்தறிய இயலாது.